தாய் சி கத்துக்கணுமா? முதல்ல ஒழுங்கா நிக்கப் பழகுங்க

தாய் சிங்கிற, மெதுவா அசையுற சீனப் பயிற்சிய பண்ணா இம்யூனிட்டி ஏறும்னு வீடியோல பார்த்துட்டு, 1956ல சீனாவுல சுருக்கி அமைச்ச 24 அசைவு இருக்கே, அதை ஒரே வாரத்துல மனப்பாடம் பண்ணப் பாத்தேன், முட்டி வலிதான் மிச்சம். அதனால நீங்க இப்படி ஆரம்பிங்க.

ஸ்டெப் 1: தோள் அகலத்துக்குக் கால வச்சு நில்லுங்க. முட்டியப் பூட்டாம லேசா தளர்த்துங்க, தோளைத் தொங்க விடுங்க. ரெண்டு நிமிஷம் போதும், அதுக்கே தொடை நடுங்கும்.

ஸ்டெப் 2: மூக்கு வழியா மூச்சு, வெளிய விடுறது இன்னும் மெதுவா. மணிக்கட்டுல விரல வச்சுப் பாருங்க, மூச்சு விடும்போது நாடி கொஞ்சம் நிதானமாகும். உடம்போட பதட்டம் இறங்குதுன்னு அர்த்தம். ஸ்ட்ரெஸ் மாசக்கணக்கா நீடிச்சா கார்டிசால் ஹார்மோன் நோய் எதிர்ப்பு செல்களோட வேலையக் கெடுக்கும், அதனால இந்த ஸ்டெப்ப லேசா நினைக்காதீங்க.

ஸ்டெப் 3: எடைய ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்துங்க, ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளருக்கு சிந்தாம தண்ணி ஊத்துற மாதிரி. ஒரு கால் முழுசா காலியானப்புறம்தான் அதைத் தூக்கணும். திரும்பும்போது எடை நிக்குற முட்டிய மட்டும் திருகாதீங்க, நான் மாட்டினது அங்கதான்.

ஸ்டெப் 4: இப்ப கை. பாதுவான்ஜின்னு எட்டு அசைவு இருக்கிற இன்னொரு சீனப் பயிற்சியில முதலாவது, வானத்தைத் தாங்குறது. விரல்களக் கோத்து, மூச்சு இழுத்துக்கிட்டே தலைக்கு மேல உள்ளங்கை வானம் பாக்குற மாதிரி தூக்குங்க, விட்டுக்கிட்டே இறக்குங்க. எட்டு தடவை.

சரி, இம்யூனிட்டி உண்மையிலேயே ஏறுதா? எனக்கு நம்பிக்கை வந்தது அக்கி ஆராய்ச்சியப் படிச்சுதான். சின்ன வயசுல வந்த சின்னம்மையோட வைரஸ் நரம்புக்குள்ளயே தூங்கும், வயசாக ஆக அதக் காவல் காக்குற டி செல்கள்ங்கிற நோய் எதிர்ப்பு செல்கள் சோர்ந்துபோனா எழுந்து அக்கியா வரும். கலிஃபோர்னியால 59ல இருந்து 86 வயசு வரைக்கும் இருந்த 112 பேர எடுத்து, ஒரு பாதிக்கு 16 வாரம் எளிமையான தாய் சி, மறுபாதிக்கு ஹெல்த் வகுப்பு, அப்புறம் ரெண்டு தரப்புக்கும் சின்னம்மை தடுப்பூசி. 2007ல வந்த முடிவுல, அந்த வைரஸுக்கு எதிரான டி செல் எதிர்ப்பு ஏறின வேகம் தாய் சி பண்ணவங்களுக்கு மறுபாதியை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுவும் ஊசி போடுறதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிருந்துச்சு!

ஆனா கவனிங்க, ஊசிக்குப் பதிலா இல்ல, ஊசியோட சேர்த்து. பதினாறு வாரம், பதினாறு நாள் இல்ல. தினம் சளி பிடிக்குதா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருந்தா சலிச்சுப் போய் விட்டுடுவீங்க.

தினம் பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க, வாரத்துக்கு ரெண்டு ரெண்டு நிமிஷமா ஏத்துங்க. காய்ச்சல் அடிக்கிற அன்னைக்கு மட்டும் பேசாம படுத்துக்கோங்க.