கேம்பிரிட்ஜைப் பார்க்கப் பிள்ளையோடு கிளம்பும் சேலத்து அப்பா அம்மாவுக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் சீட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனதற்கு மார்க் இல்லை, போகாததற்குக் குறையும் இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு டிசம்பரில் நடக்கும் நேர்காணல்கூட ஆன்லைனில்தான். அதனால் இதற்கென்று கடன் வாங்க வேண்டாம். எங்களுக்கு லண்டனில் மச்சினன் வீட்டுக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது, ஜூலையில் ஓபன் டே, அதாவது விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் நாள், என்று தெரிந்ததும் அதை ஒட்டி டிக்கெட் போட்டோம், அவ்வளவுதான்.

எப்போது போவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறுவார்கள். நமக்கு லீவு என்றால் ஏப்ரல், மே. அங்கே அது பரீட்சைக் காலம், ஜூன் நடு வரைக்கும் நிறைய கல்லூரிகள் பார்வையாளர்களை உள்ளே விடாது, வெளியே நின்று கேட்டைப் படம் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். ஓபன் டே ஜூலையில் வரும், செப்டம்பரிலும் ஒரு வாய்ப்பு உண்டு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பிளஸ் டூ படிக்கிற வருடத்து அக்டோபர் 15 என்பதால், பிளஸ் ஒன் ஜூலையில் போவதே நல்லது. ஒரு வாரம் பள்ளிக்கு லீவு சொல்ல வேண்டும், சொல்லிக்கொள்ளலாம். துறைவாரியாக நடக்கும் சில கூட்டங்களுக்கு முன்பதிவு வேண்டும், அது திறந்தவுடனே போட்டுவிடுங்கள்.

விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பார்வையாளர் விசாதான், ஆறு மாதம் வரை செல்லும். ஆன்லைனில் படிவம் போட்டு, கைரேகைக்கு நாங்கள் பெங்களூர் போனோம், சென்னையிலும் கொடுக்கலாம், பிறகு வழக்கமாக மூன்று வாரம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை யாரோடு வருகிறது என்று படிவத்தில் தெளிவாக எழுத வேண்டும். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, அது ‘காலேஜ்’ என்ற சொல். நம் ஊரில் காலேஜ் என்றால் அதற்கென்று துறை, லேப், பரீட்சை எல்லாம் உண்டு. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் பாடமும் லேபும் பரீட்சையும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை. கல்லூரி என்பது தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும், அப்புறம் ‘சூப்பர்விஷன்’ என்று சொல்கிறார்களே, ஒரு ஆசிரியர் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து அவர்கள் போட்டுக்கொண்டுவந்த கணக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது, அதற்கும். சுருக்கமாக, ஹாஸ்டலும் டியூஷனும் ஒரே கூரையின் கீழ். விண்ணப்பத்தைப் படித்து ஆள் எடுப்பதும் கல்லூரிதான். அதற்காக எந்தக் கல்லூரி என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல விண்ணப்பத்துக்கு ஒரு கல்லூரியில் இடம் இல்லையென்றால் ‘பூல்’ என்ற பொதுப் பட்டியல் வழியாக இன்னொரு கல்லூரி எடுத்துக்கொள்ளும், கல்லூரியே குறிப்பிடாமல் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. நியூன்ஹாம், மரே எட்வர்ட்ஸ் இரண்டும் பெண்களுக்கு மட்டும். இதைக் கேட்டதும் என் அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி, மகளுக்கு இல்லை.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவுக்கு இருபத்தைந்து நிமிட நடை, புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள், நான் போட்டேன். ஜூலையில்கூட சாயங்காலம் ஏற்காடு மாதிரி குளிரும், திடீரென்று தூறும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும், அதனால் நேரம் நிறைய இருக்கிறது. கேஸில் ஹில் ஏற வேண்டும் என்று அங்கே பயமுறுத்துவார்கள், இருபது கொண்டை ஊசி வளைவு பார்த்த நமக்கு அது வெறும் மேடு.

ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ‘போர்ட்டர்ஸ் லாட்ஜ்’ என்று ஒரு அறை இருக்கும். பெயரைப் பார்த்து நம் ஜங்ஷன் போர்ட்டர் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தில் எல்லாம் தெரிந்தவர் அவர்தான். ஓபன் டே அல்லாத நாளில் போனால், பிள்ளை விண்ணப்பிக்கப்போகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள், சில இடங்களில் டிக்கெட் இல்லாமலே விடுவார்கள். புல்லில் மட்டும் கால் வைக்கக் கூடாது. நான் போட்டோவுக்காக ஒரு அடி எடுத்து வைத்தேன், ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து மிக மரியாதையாகச் சொன்னார், அந்த மரியாதைதான் அதிகம் சுட்டது.

அடுத்து, வாயை மூடிக்கொண்டிருக்கும் வித்தை. பொறியியல் துறையில் வழிகாட்ட வந்த மாணவி என் மகளைப் பார்த்து என்ன பிடிக்கும் என்று கேட்டாள். பதில் சொன்னது நான். ஃபிசிக்ஸில் அவள் எடுத்த மார்க், ஒலிம்பியாட், என் அண்ணன் பையன் ஜெர்மனியில் இருப்பது வரைக்கும் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும் மகள், “அப்பா, நீங்க கொஞ்சம் பின்னாலயே வாங்களேன்” என்றாள். மத்தியானத்துக்கு மேல் பத்தடி பின்னால்தான் நடந்தேன். அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டது வாரத்துக்கு எத்தனை கணக்குத் தாள், தெரியவில்லை என்றால் சூப்பர்விஷனில் என்ன சொல்வீர்கள், அழுகை வந்ததுண்டா என்று. எனக்கு ஒன்றுகூடத் தோன்றியிருக்காது.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. பிள்ளை கேட்காததை நீங்கள் கேளுங்கள். ஒரு டெர்ம் எட்டு வாரம்தான், லீவில் பல கல்லூரிகளில் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்போது எங்கே இருப்பார்கள், பெட்டியை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். சமையலுக்கு ‘ஜிப் ரூம்’ என்று ஒன்று காட்டினார்கள். நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவு, சின்ன அடுப்பு, மைக்ரோவேவ், ஒரு ஃபிரிட்ஜ், அதில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருந்தது. குக்கர் வைத்தால் விசில் சத்தத்துக்கு ஃபயர் அலாரம் அடிக்குமா என்று என் மனைவி கேட்டாள். சத்தத்துக்கு இல்லை, புகைக்கு அடிக்கும் என்றார்கள், தாளிக்கும்போது ஜாக்கிரதை. ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1914இல் டிரினிட்டிக்குப் போய், சைவம் என்பதால் தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டவர். இன்று எந்தக் கல்லூரிச் சாப்பாட்டு ஹாலிலும் சைவச் சாப்பாடு கிடைக்கும், ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவருடைய ‘தொலைந்த நோட்டுப்புத்தகம்’ 1976இல் கிடைத்தது அதே கல்லூரியின் ரென் நூலகத்தில்தான். பார்வையாளர்களுக்குக் கொஞ்ச நேரமே திறந்திருக்கும், நேரம் பார்த்துப் போங்கள்.

கிங்ஸ் கல்லூரியின் சேப்பல், அதாவது தேவாலயம், அதன் கூரையை ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். அதே கல்லூரியில்தான் நம் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம், மத்திய அமைச்சராக இருந்தாரே அவர், படித்தார். அவருடைய அப்பா சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டில். இரண்டையும் பார்த்து வாருங்கள், ஆனால் ஒரே வருடத்தில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பணம். பொறியியலுக்கு வெளிநாட்டு மாணவர் கல்விக் கட்டணமே வருடத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் 40 லட்சத்தைத் தாண்டும், தங்கல், சாப்பாடு தனி. இதைப் பிள்ளையிடம் ரயில் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்த பிறகு பேசினால் வீட்டில் சண்டைதான். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளை என்றால் அந்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் காலண்டரில் குறிக்க வேண்டியவை: பொறியியல் என்றால் ‘ஈசாட்’ நுழைவுத் தேர்வு, அதற்குப் பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அப்புறம் ‘யூகாஸ்’ விண்ணப்பம், அதாவது பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம், அங்கே அக்டோபர் 15 மாலை ஆறு மணி, நமக்கு இரவு பத்தரை. அன்றைக்குக் கரண்ட் போனாலும் போகும், 10ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள்.