இரண்டு தீவு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறிவர நம் மலை ரயிலுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அதே பாதையில் இறங்குவதற்கு மூன்றரை மணி நேரமே போதும். தொலைவு மாறாமலே நேரம் மாறும் என்பதை நீலகிரியில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, விமானப் பயணத்திலும் இவ்விரண்டையும் தனித்தனிக் கணக்குகளாகவே செய்வோம்.

எடுத்துக்காட்டாக, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் உள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் தீவுகளைக் கொள்வோம். இவற்றுக்கிடையே லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் நடத்திவரும் சேவையே, கால அட்டவணைப்படி இயங்கும் விமானச் சேவைகளில் உலகிலேயே மிகக் குறுகியது.

முதல் படி: விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தீவின் நடுப்புள்ளியை எடுத்தால், இவ்வளவு குறுகிய தொலைவில் விடை பெரிதும் பிசகிவிடும். வெஸ்ட்ரே 59.3503 வடக்கு, 2.9500 மேற்கு, பாப்பா வெஸ்ட்ரே 59.3517 வடக்கு, 2.9003 மேற்கு. பாகை, நிமிடம், விநாடி என்று கிடைத்தால், நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்.

இரண்டாம் படி: வேறுபாடுகளைக் கிலோமீட்டராக மாற்றுங்கள். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் சுமார் 111 கிலோமீட்டர்தான். தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே செல்வதால், 111ஐ அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். புதிதாகக் கணக்கிடுவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவே. கோத்தகிரியில் ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர் என்பதால் கொசைனை மறந்தாலும் விடை அதிகம் கெடாது; ஆர்க்னியில் அது ஏறத்தாழ 57 மட்டுமே என்பதால், மறந்தால் விடை இருமடங்காகிவிடும். நம் எடுத்துக்காட்டில் கிழக்கு மேற்காக 0.0497 × 57, அதாவது 2.8 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 0.0014 × 111, அதாவது 0.16 கிலோமீட்டர்.

மூன்றாம் படி: பிதாகரஸ் தேற்றத்தின்படி இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள். விடை சுமார் 2.8 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுகளுக்குப் பூமியின் வளைவையும் சேர்த்துக்கொள்ளும் சூத்திரம் தேவைப்படும்.

நான்காம் படி: தொலைவை வேகத்தால் வகுத்து நேரத்தைக் காணுங்கள். இந்தச் சேவையில் பறக்கும் ஐலண்டர் என்னும் சிறு விமானம் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொண்டால் 42 விநாடிகள் கிடைக்கும். ஆனால் அட்டவணையில் இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதுவரையிலான மிக விரைவான பயணத்துக்கே 53 விநாடிகள் ஆயின. மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் பறப்பதில்லை. ஓடுபாதையின் திசைக்கேற்பத் திரும்பவும் வேண்டும். ஆகவே, குறுகிய பயணங்களில் வகுத்துவரும் விடையைக் குறைந்தபட்ச நேரமாக மட்டுமே கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: காற்றைச் சேருங்கள். வெஸ்ட்ரேயிலிருந்து ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலின் விமான நிலையம் சுமார் 44 கிலோமீட்டர். காற்றில்லாவிட்டால் 11 நிமிடம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால் 13.2 நிமிடமும், அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 9.4 நிமிடமும் ஆகும். போக வர இரண்டும் சேர்ந்து 22.6 நிமிடம் ஆவதால், போகும்போது இழந்த நேரம் திரும்பும்போது முழுவதும் கிடைத்துவிடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.