ஒரு பழைய பேஸ்போல் வீரரின் கணக்கை ஒரே தாளில் எழுதிப் படிப்பது எப்படி

டிசம்பர் விடுமுறைக்கு என் மகளின் மகன் வந்து நின்றான். வயது பதின்மூன்று. வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் இருந்து கைப்பேசியில் சாம் க்ரோஃபோர்ட் என்ற பழைய அமெரிக்க ஆட்டக்காரரின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மப்பா, பத்தொன்பது வருசம் விளையாடி 97 ஹோம் ரன் தானோ? இவரையேன் பெரிய ஆள் எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டான்.

முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் கழகப் போட்டிகளுக்கும் பாடசாலைப் போட்டிகளுக்கும் ஓட்டக்கணக்கு எழுதியவன் நான். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு சி.ஆர். கொப்பியும் அடிமட்டமும் எடுத்து வரச் சொன்னேன். அன்று பின்னேரம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவரும் இதைச் செய்யலாம். இரண்டு மணித்தியாலம் போதும்.

கொப்பியின் நடுவில் இரண்டு பக்கங்களை விரித்து, இடது ஓரத்தில் ஆண்டுகளைக் கீழ்நோக்கி எழுதுங்கள். க்ரோஃபோர்டுக்கு 1899 முதல் 1917 வரை. 1902க்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே சின்சினாட்டி, கீழே டெட்ரொய்ட். 1902 முடிந்ததும் அவர் இரண்டு கழகங்களுக்கும் கையெழுத்து வைத்திருந்தார். 1903 ஜனவரியில், போட்டிபோட்டுக்கொண்டிருந்த நேஷனல், அமெரிக்கன் என்ற இரண்டு பெரிய லீக்குகளும் சமாதானமானபோது டெட்ரொய்டுக்கு என்று தீர்ந்தது. தாளின் உச்சியில் பிறப்பு ஒரு வரி: 1880, நெப்ராஸ்கா மாநிலத்தில் வஹூ என்ற சிறிய ஊர். முதலில் முடிதிருத்தும் தொழில் பழகியவர். ஊர்ப் பெயரே பட்டப்பெயராகி 'வஹூ சாம்' ஆனார். இடக்கை ஆட்டக்காரர், வலது வெளிக்களத்திலும் நடு வெளிக்களத்திலும் நின்றவர். இவ்வளவு போதும், மிச்சத்தை எண்கள் சொல்லும்.

இனிக் குறுக்கே பத்திகள். ஆட்டங்கள், மட்டை முறைகள் (மட்டை பிடித்த தடவைகள்), அடிகள் (பாதுகாப்பாக அடித்து ஒரு பேஸையாவது எட்டியவை), டபிள், ட்ரிப்பிள், ஹோம் ரன், சராசரி. பேஸ் என்றால் ஆட்டக்காரர் சுற்றி ஓட வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்று. ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை ஓடினால் டபிள், நான்கையும் சுற்றி வந்தால் ஹோம் ரன். வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் விடுங்கள். அந்த வெற்றிடந்தான் இந்தத் தாளின் உயிர், பிறகு வருகிறேன்.

எண்களை இணையத்தில் ஆண்டுவாரியாகப் பார்த்து எழுதலாம். எழுதும்போது மொத்தத்தை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள். இளவயதில் ஒரு கழகப் போட்டியில், பலகையில் போட்டிருந்த மொத்தத்தைப் பார்த்து என் புத்தகத்தை நிரப்பினேன். பிறகு கூட்டிப் பார்த்தால் நான்கு ஓட்டம் உதைத்தது, அந்த நான்கு ஓட்டத்தில் ஒரு பெடியனின் அரைச்சதம் போயிருந்தது. அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு பத்தியையும் நீங்களே கூட்டுங்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் நூறு வருடத்துக்கு முந்திய கணக்குகளைப் பிற்காலத்தில் பலர் திருத்தியிருக்கிறார்கள். க்ரோஃபோர்டின் ட்ரிப்பிள் சில பழைய பதிப்புகளில் 312 என்று இருக்கும், இன்று ஏற்றுக்கொண்ட எண் 309. எந்த மூலத்தைப் பின்பற்றினீர்களோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்தால் கூட்டல் ஒருநாளும் சரிவராது.

சராசரியில் கிரிக்கெட்காரர் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். நமக்குச் சராசரி என்றால் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் பிரிப்பது. அவர்களுக்கு அடிகளை மட்டை முறைகளால் பிரிப்பது. க்ரோஃபோர்டுக்கு 2,961 அடிகள், 9,570 மட்டை முறைகள். பிரித்தால் .309 வரும். பேரனைக் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். பத்துத் தடவை மட்டையைப் பிடித்தால் மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேலே பாதுகாப்பாக அடித்து ஓடியிருக்கிறார் என்று விளங்கியதும், "பத்திலை ஏழு தரம் தோல்வியோ?" என்றான். ஓம், அந்த விளையாட்டில் பத்தில் ஏழு தரம் தோற்பவர்தான் உயர்ந்த ஆட்டக்காரர்.

ட்ரிப்பிள் பத்தியைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். இங்கே நேரம் எடுங்கள்.

ட்ரிப்பிள் என்றால் பந்தை அடித்துவிட்டு, அது திரும்பி வருவதற்குள் மூன்றாவது பேஸ் வரை ஓடி முடிப்பது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 90 அடி, ஆகவே 270 அடி ஓட்டம். பந்து வேலியைத் தாண்டாது. வெளிக்களக்காரர்களுக்கு நடுவே பிளந்து போய் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். க்ரோஃபோர்ட் 1902இல் 22, 1903இல் 25, 1914இல் 26 அடித்தார். 1900 முதல் 1916 வரை பதினேழு பருவங்களில் ஒன்றிலாவது பத்துக்குக் கீழே இறங்கவில்லை. மொத்தம் 309. அவருக்கு அடுத்த இடத்தில் நிற்பவர் அவரோடு ஒரே கழகத்தில் ஆடிய டை கொப், 295. இன்றைய ஆட்டக்காரர்களில் நூறைத் தொடுபவரே அபூர்வம். இந்த 309ஐ இனி ஒருவர் தாண்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஏன் இத்தனை ட்ரிப்பிள், ஏன் இவ்வளவு குறைந்த ஹோம் ரன்? வெற்றிடமாக விட்ட வலது ஓரத்துக்கு இப்போது வாருங்கள். அங்கே மைதானத்தையும் பந்தையும் எழுதுங்கள்.

1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி பொரளை ஓவலில் ஆடியபோது ஆடுகளத்தின் நீளம் பற்றிச் சந்தேகம் வந்து அளந்தார்கள். 22 யாருக்குப் பதில் 20 யார்தான் இருந்தது. அன்றைய பந்துவீச்சுக் கணக்கைப் படிக்கிறவன் அந்த இரண்டு யாரை மனதில் வைக்காவிட்டால் என்னத்தைப் படிக்கிறான்? பேஸ்போலிலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஒரே பந்தை ஆட்டம் முழுக்கப் பாவித்தார்கள். மண்ணும் புகையிலைச் சாறும் பட்டுக் கறுத்து, நசிந்து மெத்தென்று ஆகிவிடும். எச்சில் பூசி எறிவதற்கும் தடையில்லை. எச்சில் பந்தைத் தடுக்கத் தொடங்கியது 1920இல். அதே ஆண்டு ஓகஸ்டில் ரே சப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்த பிறகு, அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றுகிற வழக்கமும் இறுகியது. அதற்கு மூன்று வருடம் முந்தியே க்ரோஃபோர்ட் பெரிய லீக்கை விட்டுப் போய்விட்டார். பல மைதானங்களில் வேலி மிகத் தூரத்தில் இருந்தது. நசிந்த பந்தை எவ்வளவு பலமாக அடித்தாலும் அங்கே போய்ச் சேராது, இடைவெளியில் விழுந்து உருளும். அதை ஓட்டமாக்குவது காலின் வேலை. ஹோம் ரன்களில்கூடப் பல, பந்து வேலிக்குள்ளேயே கிடக்க ஓடி எடுத்தவை.

ஆகவே வலது ஓரத்தில் மூன்று குறிப்புகள் இருக்கட்டும். 1911 வரிசையில் 'நடுவில் தக்கை வைத்த பந்து' என்று எழுதுங்கள், பந்து கொஞ்சம் துள்ளத் தொடங்கிய ஆண்டு அது. 1912 வரிசையில் 'நாவின் ஃபீல்ட்', டெட்ரொய்டின் புதிய மைதானம். 1917க்குக் கீழே, 'புதுப் பந்துக் காலத்தைக் காணவில்லை'.

ஹோம் ரன் பத்தியில் எண்ணோடு நின்றுவிடாமல், பக்கத்தில் அந்த லீக்கில் அவருக்குக் கிடைத்த இடத்தையும் எழுதுங்கள். 1901இல் 16 அடித்து நேஷனல் லீக்கில் முதலாவது. 1908இல் வெறும் 7, அமெரிக்கன் லீக்கில் அதுவும் முதலாவது! ஏழு ஹோம் ரன் அடித்து ஒருவர் முதலிடம் பிடித்த லீக் அது. பேரன் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது அந்த இடத்தில்தான். மறுபக்கமும் உண்டு. 1911இல் அவருடைய சராசரி .378. எந்தக் காலத்துக்கும் பெரிய எண், ஆனால் அந்த வருடம் கொப்பும் ஜோ ஜக்சனும் .400ஐத் தாண்டியிருந்தார்கள். அதையும் எழுதுங்கள்.

அடித்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்கள் என்று ஒரு கணக்கு வரும், அதாவது அவர் அடித்ததால் பேஸில் நின்றவர்கள் ஓடி முடித்து எடுத்தவை. அவருக்கு 1,500க்கு மேல். அதைத் தனிப் பத்தியாகப் போடாமல் அடிக்குறிப்பாக எழுதுவது என் வழக்கம். அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக எடுக்கத் தொடங்கியது 1920இல், க்ரோஃபோர்டுக்குப் பிற்காலத்தில் தொகுத்தது. அதோடு அவருக்கு முன்னால் பேஸில் பெரும்பாலும் நின்றவர் கொப். அப்படி ஒருவர் முன்னால் ஓடினால் பின்னால் அடிப்பவரின் கணக்கு ஏறும். இருவரும் களத்துக்கு வெளியே நெருக்கமாக இருந்ததில்லை. ஆனாலும் க்ரோஃபோர்டைப் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் சேர்க்க வேண்டும் என்று பின்னாளில் கடிதம் எழுதியவர் கொப்தான். 1957இல் சேர்த்தார்கள்.

இரண்டு லீக்குகளிலும் முதலிடம் பெற்ற கழகங்கள் மோதுகிற உலகத் தொடருக்கு ஒரு வரி போதும். 1907, 1908, 1909, மூன்றிலும் டெட்ரொய்ட் தோற்றது.

1914 வரிசைக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுங்கள். 1913 முடிவில் நியூயோர்க் ஜயன்ட்ஸ், சிக்காகோ வைட் சொக்ஸ் என்ற இரண்டு கழகங்களும் உலகைச் சுற்றிக் காட்சி ஆட்டங்கள் ஆடப் புறப்பட்டன. அந்தப் பயணத்துக்காக வைட் சொக்ஸோடு இரவலாகச் சேர்ந்தவர்களில் க்ரோஃபோர்டும் ஒருவர். யப்பான், மணிலா, அவுஸ்திரேலியா என்று வந்த பயணம் 1914 ஜனவரியில் கொழும்பிலும் தரித்தது. பிறகு எகிப்து, ஐரோப்பா. பெப்ரவரி 26இல் லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வந்து பார்த்தார். மார்ச்சில் வீடு திரும்பி, அந்தப் பருவத்தில்தான் 26 ட்ரிப்பிள். காலிமுகத்திடல் பக்கம் போகும்போதெல்லாம், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்து இந்த வரிசையை நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் நிரம்பியதும் ஒவ்வொரு பத்தியையும் நெடுக்கே இன்னொருமுறை கூட்டிச் சரிபாருங்கள். அடிகள் 2,961 வர வேண்டும், மூவாயிரத்துக்கு 39 குறைவு. அதன் கீழே இரண்டு வரி: 1918 முதல் 1921 வரை லொஸ் ஏஞ்சலிஸில் பசிஃபிக் கரை லீக்கில் ஆடினார், பிறகு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தார், நடுவராகவும் நின்றார். 1968இல் காலமானார்.

பேரன் திரும்பிப் போகும்போது கொப்பியையும் எடுத்துப் போனான். அடுத்த தாளுக்கு அவன் தேர்ந்தது ட்ரிஸ் ஸ்பீக்கர், அதே பயணத்தில் வந்த நடு வெளிக்களக்காரர். அவருக்குச் சிவப்புப் பேனை டபிள் பத்தியில் ஓட வேண்டும், மொத்தம் 792.