டெல்டா கரைகளில் நடைக்குழு நடத்துவது எப்படி?

மலைநாட்டில் ஒரு தடம் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் தடமாகவே இருக்கும். காவிரி டெல்டாவில் அப்படியில்லை. சித்திரையில் மணலில் கால் புதைய நடந்து கடந்த ஆற்றை ஆவணியில் பாலம் தேடித்தான் கடக்க வேண்டும். பங்குனியில் வெடிப்புவிட்டுக் கல்லாய் இறுகிக் கிடந்த வரப்பு, ஐப்பசியில் கால் வைத்தவுடன் சரிந்துவிடும். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கரைகளில் மாதம் இருமுறை, ஞாயிறு காலைகளில் நடக்கும் சிறு குழுவொன்றைச் சில ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். இங்கே எங்கு நடக்கலாம், எங்கு நடக்கக் கூடாது என்பதைத் தண்ணீரே முடிவு செய்கிறது என்பதையும், அந்தத் தண்ணீரின் போக்கை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் வயலில் நிற்பவர்கள்தாம் என்பதையும் இந்த நடைகளில்தான் கற்றுக்கொண்டேன். புதிதாகக் குழு தொடங்க நினைப்போர், உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு முன்பே இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தண்ணீர் வரும் நாள்

மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்காக அதைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12; மூடும் நாள் ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்து இந்த நாள் மாறும். 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்துவிட்ட நீர் கல்லணையை வந்தடைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, மேலும் அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன், திருமலைராசன் என்று கிளைத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள்கள் செல்லும். ஆகவே அணை திறந்த செய்தி வந்தவுடன் ஆற்றுக்குள் இறங்கிச் செல்லும் தடங்கள் அனைத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. நேற்று வரை ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடிய மணல்திட்டில் ஓர் இரவுக்குள் தண்ணீர் ஏறிவிடும். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்துவிடுவதால், முழங்காலளவு நீர்தானே என்று இறங்குவதும் உயிருக்கு ஆபத்தாகும்.

கொள்ளிடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஆறு; மேட்டூரின் நீர்மட்டம் முழு அளவான 120 அடியை நெருங்கும்போது உபரி நீர் இதில்தான் திருப்பிவிடப்படும். அந்த வாரங்களில் கொள்ளிடத்தின் உட்புறத்தில் எந்த நடையும் வேண்டாம் என்பதில் எங்கள் குழு விதிவிலக்கு வைப்பதில்லை.

ஆறு நிறைந்தோடும் மாதங்களில் லயன்கரையே நமக்கு உரிய தடம். ஆற்றின் இரு மருங்கிலும் உயர்த்திக் கட்டப்பட்ட அந்தக் கரைமேல் மூவர் பேசிக்கொண்டே நடக்கலாம். ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலும் தெரியும். வாய்க்கால் ஓரமாகப் போக விரும்பினால், அந்தப் பகுதியில் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். முறைப்பாசனம் நடக்கும்போது எந்த வாய்க்காலில் எந்த நாளில் தண்ணீர் வரும் என்பது அவருக்குத் தெரியும். இதுவரை நான் கேட்ட எவரும் எரிச்சலோடு பதில் சொன்னதில்லை.

வரப்பு ஒருவருடைய உழைப்பு

எங்கள் குழு தொடங்கிய புதிதில், ஒரு புரட்டாசிக் காலையில், பன்னிரண்டு பேரை ஒரு சம்பா வயலின் வரப்பு வழியாக அழைத்துச் சென்றேன். முந்திய நாள்தான் அந்த வரப்பை அண்டை வெட்டி, சேறு வைத்து அணைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கடந்து முடித்தபோது நான்கு இடங்களில் வரப்பு சரிந்து, மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு வழிந்துகொண்டிருந்தது. உரம் போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்று அந்த வயலுக்குரிய அம்மா சொன்னார். கோபப்படவில்லை, சொல்ல மட்டும் செய்தார். அவரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்து அடைத்துவிட்டுத்தான் திரும்பினோம் என்றாலும், வழிந்தோடிய உரத்தை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. அன்று முதல், நாற்றுவிடும் காலத்திலிருந்து கதிர் முற்றும் வரை வரப்பில் ஏறுவதில்லை என்பது எங்கள் முதல் விதி.

அறுவடை முடிந்த பிறகு வயல் வெறுமையாகத் தெரியும் மாதங்களில்தான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது இங்குள்ள வழக்கம். ஆகவே தாள் மட்டும் நிற்பதாகத் தோன்றும் வயலில், குனிந்து பார்த்தால், இரண்டிலை விட்ட உளுந்து நிற்கும். மாசி, பங்குனியில் குறுக்கு வழி எவ்வளவு ஆசை காட்டினாலும் இறுகிய பெருவரப்பை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. தையில் வேறொரு கவனம் தேவை: கொள்முதல் நிலையங்களுக்கு அருகிலும் ஊர்ச் சாலைகளிலும் நெல்லைக் காய வைத்திருப்பார்கள். அந்த நெல்லைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டும். மிதிக்காமல் தாண்டலாம் என்பதும் வேண்டாம்.

நடவு நடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதை நாங்கள் முற்றாகத் தவிர்க்கிறோம். வேலை செய்துகொண்டிருப்பவரை வேடிக்கைப் பொருளாக்குவது நடைக்குழுவின் வேலையன்று.

தடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் சில நடைகளுக்கு ஆறு கிலோமீட்டர் போதும். லயன்கரையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கும் ஒருவர், ஈரமான வாய்க்கால் கரையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டுவார்; வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் குறித்தால் வெயிலில் மாட்டிக்கொள்வோம். கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் அமைந்த ஊர் என்பதால், இங்குள்ளவர்களுக்கு இரு திசைகளிலும் தொடக்கத் தடங்கள் கிடைக்கும். காவிரிக்கரையோடு மேற்கே சுவாமிமலை வரை ஒன்று. தாராசுரத்தில் தொடங்கிப் பழையாறை வழியாகப் பட்டீச்சுரம் வரை இன்னொன்று. இரண்டின் முடிவிலும் திரும்பப் பேருந்து உண்டு. தடம் வட்டமாக அமையாவிட்டால், திரும்பும் பேருந்தே அதன் சரிபாதி.

திருவையாற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தடம் காத்திருக்கிறது. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைத்தானம் என்னும் ஏழூர்களையும் பல்லக்கோடு நடந்து சுற்றிவரும் திருவிழா அங்கே நடக்கிறது. காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து செல்லும் அந்த வழி, நடப்பதற்கென்றே தலைமுறைகள் பழக்கிய வழி. முழுச் சுற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல், கண்டியூர், வேதிகுடி, சோற்றுத்துறை என மூன்று ஊர்களாகப் பிரித்து நடப்பதே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்தமானது. இந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நடை இதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை முதல் மாசி வரை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த வடுவூர் ஏரிக்கு ஒருமுறையாவது செல்லலாம். அங்கு மட்டும் பேச்சைக் குறைத்து, மங்கிய நிற உடையில் வரும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நம்மைக் கண்டு எழும்பினால் பார்க்க வந்ததையே இழப்போம்.

எந்தத் தடமானாலும், இரண்டு நாள் முன்னதாக இருவர் அதை நடந்து பார்த்துவிட வேண்டும். நாங்கள் இதனை முன்நடை என்கிறோம். மூங்கில் பாலம் எடை தாங்குமா, மதகின் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா, மழையில் மின்கம்பி தொய்ந்திருக்கிறதா, பாதி வழியில் நின்றுகொள்ள விரும்பும் முதியவர் எங்கே சாலையை அடையலாம் என்பவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முன்நடையில் கட்டாயம் விசாரித்து, நடைக்கான அறிவிப்பிலேயே எழுத வேண்டும். அதை எழுதத் தொடங்கிய பிறகே எங்கள் குழுவில் பெண்கள் தொடர்ந்து வரலானார்கள்.

காலும் பாம்பும்

வெறுங்காலோடு நடப்பது மண்ணோடு உறவு கொள்வதாகச் சிலருக்குத் தோன்றும். ஆனால் கரைகளில் உடைந்த நத்தை ஓடும், கருவேல முள்ளும், கண்ணாடிச் சில்லும் கிடக்கின்றன. கணுக்காலை மூடும், அடிப்பகுதி வழுக்காத காலணியே வேண்டும். நெல்வயலில் எலி இருக்குமிடத்தில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும். முன்னால் நடப்பவர் நீண்ட கழியால் தரையைத் தட்டிக்கொண்டே செல்வதும், விடியுமுன் தொடங்கினால் ஒவ்வொருவரும் கைவிளக்கு வைத்திருப்பதும், நண்டு வளையிலோ வைக்கோல் போரிலோ கை வைக்காதிருப்பதும் போதுமான காவல். வயலில் எலிக்காக வைக்கும் கிட்டியையும் தொடக் கூடாது. அது விரலை நசுக்கிவிடும்.

யாரையாவது பாம்பு தீண்டிவிட்டால், அவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட காலை அசையாதபடி ஒரு கழியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, மெட்டி, கொலுசு முதலியவற்றைக் கழற்றி, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும், பச்சிலை தேடுவதும் நேரத்தை வீணாக்கித் தீங்கையே செய்யும். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதை முன்நடையின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நடக்கும் நாளில்

பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். வழி தெரிந்த ஒருவர் முன்னாலும், பொறுமையுள்ள ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. கோடையில் ஐந்தரை மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடலாம். தையில் ஆறரைக்குப் பிறகே சூரியன் எழும் என்பதால் அதற்கேற்பத் தள்ளிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்து முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். கரைக்குப் போக இயலாத நாளில் நகரத்துக் குளங்களையும் படித்துறைகளையும் சுற்றி நடக்கலாம். மூன்று பேர் மட்டும் வந்தாலும் நடையைக் கைவிடாதீர்கள். எங்கள் குழு நிலைத்தது அந்த மூன்று பேர் நடைகளால்தான்.

முடிந்தபின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ஒரு குறிப்பேட்டில் அன்றைய தேதி, ஆற்றின் நீர்மட்டம், எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்தக் கரை சறுக்குகிறது, என்ன பயிர் நிற்கிறது என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் தடம் வகுக்கும்போது முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அடுத்த முன்நடைக்குப் போகும் இருவரின் பெயரையும் அதிலேயே எழுதிவிட்டுத்தான் கலைகிறோம்.