மூன்று பக்கம், 60 பாகை: ஸ்க்ராட்ச்சில் விடை சொல்லாத ஓர் ஆந்தை

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவளுக்கு ஸ்க்ராட்ச்சில் (பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும், பிள்ளைகளுக்கான நிரல் மொழி) பூனையை வைத்துக் கோடு போடக் காட்டிக்கொடுத்தேன். சதுரம் உடனே வந்துவிட்டது: நான்கு முறை நகர வேண்டும், ஒவ்வொரு முறையும் 90 பாகை திரும்ப வேண்டும். அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்திருக்கிறாள், அதையே கொடுத்தாள். திரையில் வந்தது பாதியில் நின்றுபோன அறுகோணம்.

"120 போடு" என்று சொல்லிவிட்டேன். முக்கோணம் வந்தது. அடுத்த நிமிடமே, "மாமா, அஞ்சு பக்கத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அப்போதுதான் என் தப்பு உறைத்தது.

அவளாக நோண்டிப் பார்க்க வேண்டும். சிக்கும்போது ஒரு சின்னத் தள்ளு மட்டும் கிடைக்க வேண்டும். நானும் எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் அந்த வேலையை ஸ்க்ராட்ச்சுக்குள்ளேயே ஓர் ஆந்தைக்குக் கொடுத்தேன். செய்த விதம் கீழே. ஸ்ப்ரைட், மாறி, பச்சைக்கொடி எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பூனை வரையட்டும்

பேனா பிளாக்குகள் முதலில் கண்ணில் படாது. இடது கீழ் மூலையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பக்கம்', 'திருப்பம்' என்று இரண்டு மாறிகள். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பழைய கோடுகள் அழிந்து, பேனாவைத் தூக்கியபடி பூனை 0, 0 இடத்துக்குப் போக வேண்டும். அங்கே எத்தனை பக்கம், எவ்வளவு திருப்பம் என்று இரண்டு கேள்விகள் கேட்டு, பதில்களை அந்தந்த மாறியில் போட்டுவிட்டு, பேனாவை இறக்கி வரையட்டும். பக்கத்தை 3 முதல் 12 வரை மட்டும் அனுமதியுங்கள்.

எண்ணைக் கொடுக்க ஸ்லைடர் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. ஸ்லைடர் இருந்தால் பிள்ளை அதை இழுத்துக்கொண்டே இருப்பாள், உருவம் தானாக அமைந்துவிடும். தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் ஒரு கணமாவது யோசிப்பாள்.

படி 2: உருவம் மூடியதா?

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். பூனை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்தால் மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கும். ஆகவே 'பக்கம் × திருப்பம் = 360' என்றால் சரி, இல்லாவிட்டால் தப்பு என்று வைத்தேன். மறுநாள் அவள் விளையாட்டாக 5, 144 என்று கொடுத்தாள். அருமையான ஐந்துமுனை நட்சத்திரம்! ஆந்தை "இன்னும் மூடவில்லையே" என்றது. அவள் முகம் சுண்டிவிட்டது. 5 × 144 = 720, பூனை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்த ஒன்றை என் ஆந்தை தப்பு என்று சொல்லிவிட்டது.

சரி, 360ஆல் வகுத்து மீதி 0 வருகிறதா என்று பார்க்கலாம் என்றால் ஏழு பக்கம் காலை வாரியது. 360ஐ 7ஆல் வகுத்தால் 51.428 என்று தசமம் நீண்டுகொண்டே போகும். பிள்ளை 51.43 என்று போட்டால் மொத்தம் 360.01. மீதி 0 வராது.

கடைசியில் கணக்கை விட்டுவிட்டு அளந்து பார்த்தேன். 'பொட்டு' என்று ஒரு குட்டி ஸ்ப்ரைட்டை 0, 0 இடத்தில் வையுங்கள். பூனை வரைந்து முடித்ததும், சென்சிங் பகுதியில் உள்ள 'டிஸ்டன்ஸ் டு' பிளாக்கால் பொட்டுக்கும் பூனைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 1க்குக் குறைவாக இருந்தால் மூடிவிட்டது. நான் முதலில் 5 என்று தாராளமாக வைத்திருந்தேன். ஏழு பக்கத்துக்கு 51 போட்டாலே தேறியது. 1 என்று இறுக்கியதும் 51 போதவில்லை, 51.3 வரையாவது தேட வேண்டி வந்தது. அந்தத் தேடல்தானே எனக்கு வேண்டியது!

எடிட்டரில் பொட்டை மவுஸால் இழுக்க முடியும். பிள்ளைகள் இழுக்கவும் செய்வார்கள். ஸ்பேஸ் அழுத்தும்போதெல்லாம் அது 0, 0 இடத்துக்குத் திரும்பும்படி அதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 3: எந்தத் தப்பு என்று பார்ப்பது

ஆந்தைக்குப் புத்தி வருவது இங்கேதான். முக்கோணத்துக்கு 60, ஐங்கோணத்துக்கு 108 என்று கொடுக்கிற பிள்ளை குருட்டாம்போக்கில் போடவில்லை. மூலையின் உள்கோணத்தைச் சரியாகவே சொல்கிறாள். பூனை திரும்புவதோ வெளிக்கோணம், அதாவது 180இலிருந்து உள்கோணத்தைக் கழித்தது. சதுரத்தில் இரண்டும் 90 என்பதால் இந்தக் குழப்பம் அங்கே ஒளிந்துகொண்டு, முக்கோணத்தில்தான் தலைகாட்டுகிறது.

இதைப் பிடிக்க ஒரே ஒரு நிபந்தனை போதும்: பக்கம் × திருப்பம், உள்கோணங்களின் மொத்தமான 180 × (பக்கம் − 2), இவை இரண்டுக்கும் வித்தியாசம் 1க்குக் குறைவா? ஆம் என்றால் 'குழப்பம்' என்ற மாறியில் 1, இல்லாவிட்டால் 0.

படி 4: ஆந்தை எப்போது வாய் திறக்கும்

தானாகப் பேசவே கூடாது. அதைச் சொடுக்கினால் மட்டும் பேசும், அதுவும் மூன்று முயற்சிக்குப் பிறகு. நான் முயற்சியை எண்ண ஒரு மாறி வைத்தேன். என் மருமகள் பத்து விநாடிக்குள் 3, 60 என்று மூன்று தடவை அடித்துவிட்டு ஆந்தையிடம் போய் நின்றாள்! இது பிள்ளைகளின் பழைய வேலைதான். பாடம் சொல்லித்தரும் கணினி மென்பொருளிடம் குறிப்பு மேல் குறிப்பாகக் கேட்டுக் கடைசி விடையைக் கறந்துவிடும் பழக்கத்தைப் பற்றி கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இலேயே எழுதியிருக்கிறார்கள்.

மருந்து எளிது. மாறிக்குப் பதிலாக ஒரு பட்டியல். பக்கத்தையும் திருப்பத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டு இணைத்து ('3-60' என்பதுபோல), அது பட்டியலில் இல்லையென்றால் மட்டும் சேருங்கள். பட்டியலின் நீளம் 3 ஆகிவிட்டால், சொடுக்கும்போது ஆந்தை வாய் திறக்கும். பட்டியலைக் காலி செய்வது பச்சைக்கொடியின் வேலை. ஸ்பேஸில் அதை வைத்தால் ஒவ்வொரு முறையும் அழிந்து தொலையும்.

ஆந்தையிடம் இரண்டே வசனங்கள். பொதுவாக: "நீயே பூனை என்று நினைத்துக்கொண்டு அறையில் நடந்து பார். மூலையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாய், எங்கே திரும்பினாய்?" குழப்பம் 1 என்றால்: "நீ சொன்னது மூலைக்கு உள்ளே இருக்கும் கோணமா, பூனை திரும்பும் கோணமா?" எண் எதுவும் கிடையாது. நடந்து பார்க்கச் சொல்வது என் கண்டுபிடிப்பு இல்லை. 1967இல் பிறந்த லோகோ நிரல் மொழிக்குப் பின்னாளில் கோடு போடும் ஆமை வந்து சேர்ந்தபோது, அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் பிள்ளைகளிடம் செய்யச் சொன்னதும் இதைத்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் மூன்று அடி நடந்து, நின்று, திரும்பி, "அட, ரொம்ப திரும்பணும் மாமா" என்றாள். நான் முதலிலேயே சொல்லிவிட்ட 120 ஏன் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

இத்தனை பாடு எதற்கு, ஏஐ அரட்டைச் செயலியிடமே கேட்கலாமே என்றால், கேட்டுப் பார்த்தேன். "விடை சொல்லாதே" என்று கண்டிப்பாகச் சொல்லியும் இரண்டாவது பதிலிலேயே 360ஐப் பக்கத்தால் வகுக்கும் சூத்திரத்தைக் கொட்டிவிட்டது. அதோடு, பிள்ளையின் திரையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. என் ஆந்தைக்குத் தெரியும்.

சேர்த்தது 1: பன்னிரண்டு பக்கத்துக்குச் சரியாக 30 கொடுத்தும் மூடவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பக்க நீளத்தை 100 என்று வைத்திருக்கிறார். ஸ்க்ராட்ச் மேடை 480க்கு 360தான். உருவம் அதற்குள் அடங்காமல் பூனை விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு தூரம் எல்லாம் தப்பு. நீளத்தை '300 ÷ பக்கம்' என்று வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன், மேலே சொல்ல மறந்துவிட்டேன்.

சேர்த்தது 2: இன்னொருவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. அறுகோணத்துக்கு உள்கோணம் 120ஐப் போட்டால் பூனை ஒரே முக்கோணத்தை இரண்டு தடவை வரைந்து, அழகாகத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது! எட்டுக்கு 135 போட்டால் நட்சத்திரம். இரட்டைப்படைப் பக்கங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கதைதான். என் பழைய பூனை மூடினால் "சபாஷ்" என்று சொல்லும். அதை எடுத்துவிட்டேன். இப்போது "தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன். எத்தனை மூலை தெரிகிறது, எண்ணு" என்று மட்டும் சொல்கிறது.