ஏரியைக் காப்பாற்றப் படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று புகைப்படக் கண்காட்சி வைக்கிறோம். வந்து பார்த்தவர்கள் "ஏரி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தப் படங்களால் ஒரு பயனும் இல்லை. வேலூரில் இது சுலபமாக நடந்துவிடும். பின்னால் மலை, முன்னால் தண்ணீர், காலை வெயில் என்று நம் ஊர் ஏரிகள் படத்துக்கு அவ்வளவு பொருத்தமாக நிற்கின்றன.

பலர் செய்யும் தவறு, கேமராவின் ஷட்டரை பத்து இருபது விநாடி திறந்து வைத்து எடுப்பது. கழிவுநீர் நுரை படத்தில் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான், ஊதாப்பூவும் பச்சையுமாகப் பார்க்கக் கொள்ளை அழகு, ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடிக்கொண்டிருக்கிற களை. அதை அழகாக மட்டும் காட்டினால் நோயையே அலங்காரம் பண்ணிக் காட்டுகிறோம்.

அழகே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1983 ஆஸ்திரேலியத் தேர்தலுக்கு முன் புகைப்படக்காரர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த, அணை கட்டத் திட்டமிட்டிருந்த பிராங்க்ளின் ஆற்றின் படம் செய்தித்தாள்களில் விளம்பரமாக வந்தது. மிக அழகான படம்தான், ஆனால் இதை அழிக்கப்போகிற கட்சிக்கா உங்கள் ஓட்டு என்ற கேள்வியும் கூடவே இருந்தது. கடைசியில் அங்கே அந்த அணை வரவில்லை.

அடுத்தது வெடித்த மண் படம். இதை நான் ரொம்பவே எதிர்க்கிறேன். நம் ஏரிகள் பெரும்பாலும் பருவமழையை நம்பியவை, மே மாதம் வற்றுவது அவற்றின் இயல்பு. வறண்ட தரையை மட்டும் காட்டினால், "இது ஏரியே இல்லை, சும்மா கிடக்கிற இடம்" என்று சொல்லி மனை போடக் காத்திருப்பவர்களுக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். தண்ணீர் திறந்துவிடும் மதகோ, நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலோ, ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே லென்ஸ், அதே உயரம், ஜனவரி, மே, நவம்பர் என்று வருடம் முழுக்க எடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்று எடுத்து வைத்திருந்தால் அந்த ஒரு படம் நூறு சூரிய உதயத்துக்குச் சமம். அப்புறம், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய். அழகில்லை என்று யாரும் எடுப்பதில்லை, ஆனால் அது அடைபட்டால் ஏரி முடிந்தது.

தேதி, இடம், புல எண் (சர்வே நம்பர்) இல்லாத படத்தை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனுவோடு இணைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வானத்தை மாற்றுவது, மின்கம்பத்தை அழிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், ஒரு படத்தில் கை வைத்தது தெரிந்தால் மொத்த மனுவையும் சந்தேகப்படுவார்கள். கேமராவில் பதிவான மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

கூடுகளை நெருங்காதீர்கள். முக்குளிப்பான் என்கிற சிறிய நீர்ப்பறவையின் கூடு தண்ணீரில் மிதக்கும். இரை தேடப் போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். நாம் திடீரென்று போய் நின்றால் மூடாமலே ஓடிவிடும், காக்கைக்கு அது போதும்.

கரையில் இருக்கிற குடிசையை எடுத்து "ஆக்கிரமிப்பு" என்று எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். பக்கத்திலேயே நீளமாக நிற்கிற காம்பவுண்டு சுவர் அதே படத்தில் ஏன் வரவில்லை? மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர் யாரையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கண்காட்சியை ஏசி அரங்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். கரையோர டீக்கடையில் பிளெக்ஸ் அடித்து மாட்டுங்கள். "இங்கதான் கால்வாய் வந்துச்சு" என்று பெரியவர் யாராவது படத்தின் மேல் விரல் வைத்துக் காட்டுவார், அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு மறுநாளே கேமராவோடு போங்கள்.