இலங்கைப் பயணத் திட்டம்: குமரி மாவட்டத்துக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள்தான். சென்னை அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகத் தூரம். சிக்கல் இந்த நெருக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர் மாதக்கணக்கில் திட்டம் போடுவார். இலங்கைக்குப் போகிறவரோ டிக்கெட் எடுத்த பிறகுதான் வரைபடத்தையே திறக்கிறார். "சின்னத் தீவுதானே மக்கா, ஒரு வாரத்தில் சுற்றிவிடலாம்" என்பது நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அடிக்கடி காதில் விழும் வசனம்.

அந்த ஒரு வாரத் திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம். நாளுக்கு ஓர் ஊர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதி. குமரி முதல் திருச்சி வரை உள்ள எல்லா ஊரையும் ஏழு நாளில் காட்டுகிறேன் என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் நாம் சொல்வோமா?

தூரத்தைவிடச் சாலைதான் இங்கே கணக்கு. கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வழியாக அம்பாந்தோட்டைப் பக்கம் போகும் அதிவேகப் பாதையும், கட்டுநாயக்க விமான நிலையப் பாதையும் நன்றாக இருக்கின்றன. அவற்றை விட்டு இறங்கினால் பெரும்பாலும் இருவழிச் சாலை, வழியெல்லாம் ஊர், ஊரெல்லாம் ஆட்டோ. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போக 70 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறதல்லவா, அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் பிடிக்கும். காலியிலிருந்து திருகோணமலை என்றால் ஒரு பகல் முழுக்க வண்டிக்குள். மேலே சொன்ன திட்டத்தில் போகிறவர்கள் இலங்கையைவிட வேன் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

ஒரு வாரம் கையில் இருந்தால் தீவின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் ஊர் மூன்றுக்கு மேல் வேண்டாம். எந்தப் பாதி என்பதை நம் ஆசையைக் கேட்டு முடிவு செய்ய முடியாது, மாதத்தைத்தான் கேட்க வேண்டும்.

மாதம் முதலில், ஊர் அப்புறம்

மழை விஷயத்தில் குமரி மாவட்டத்துக்காரர் ஏமாறவே கூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. ஆனி, ஆடியில் விளவங்கோடும் கல்குளமும் நனைந்துகொண்டிருக்கும்போது ஆரல்வாய்மொழியில் காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். நடுவில் மலை இருந்தால் மழை எப்படிப் பங்கு பிரியும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இலங்கையிலும் அதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, மலையகத்தின் மேற்குச் சரிவு ஆகியவற்றை நனைக்கும். அதே நாட்களில் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே பக்கம் வெயில் அடிக்கும், திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் காட்சி மாறும். நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்கும் வடக்கும் நனையும். தெற்குக் கடற்கரை டிசம்பரிலிருந்து தெளியத் தொடங்கி மார்ச் வரை நன்றாக இருக்கும்.

நம் குடும்பங்கள் கிளம்புவதோ பள்ளி விடுமுறையைப் பார்த்து. மே மாதம் காலிக்குப் போகிறார்கள். அங்கே அலை உயர்ந்து சிவப்புக் கொடி பறக்கிறது. அரையாண்டு விடுமுறைக்குத் திருகோணமலை போகிறார்கள். அங்கே வானம் கொட்டிக்கொண்டிருக்கிறது. சரியாகத் தலைகீழ். மே விடுமுறையா? கிழக்குக் கரைக்கும் வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் பவளப்பாறைகளைத் தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்க்க அதுதான் காலம். கிறிஸ்துமஸ் விடுமுறையா? தெற்கே போங்கள். மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் படகு போவது அப்போதுதான்.

அக்டோபர், நவம்பரில் எந்தப் பாதியையும் நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவும் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளமும் நாட்டையே நிறுத்திவிட்டன.

சிவனொளிபாதமலை ஏற நினைப்பவர்களும் மாதம் பார்க்க வேண்டும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் படிக்கட்டில் விளக்கு இருக்காது, கடை இருக்காது, மழையும் காற்றும் மட்டும் இருக்கும். 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மருந்துவாழ்மலை ஏறிய தைரியத்தில் கிளம்புவது சரிப்படாது.

மலை ரயில்

எல்லோருக்கும் அந்த நீல ரயில் வேண்டும், வாசலில் தொங்கி ஒரு படம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவில் வரும் பாறையும் சுரங்க வாயும் தொங்குகிறவருக்காக ஒதுங்கிக்கொள்ளாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதில் முதல் தவறு, கொழும்பிலேயே ஏறி எல்ல வரை உட்கார்ந்திருப்பது. ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும். முதல் சில மணி நேரம் சாதாரணச் சமவெளிதான். வண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் தேயிலை மலைகள் சன்னலோடு கூட வருகின்றன. நானுஓயாவில் ஏறி எல்லயில் இறங்கினாலே காசுக்குப் பழுதில்லை. இரண்டாவது தவறு, நுவரெலியா என்று ஒரு ரயில் நிலையத்தைத் தேடுவது. அப்படி ஒன்று இல்லை. நானுஓயாதான் அதற்கான நிலையம், அங்கிருந்து மலை ஏற ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும்.

நானுஓயாவுக்கு அடுத்து மேலே போகப் போக வண்டி மூச்சு வாங்கும். 1,898 மீட்டரில் பட்டிப்பொல, நாட்டிலேயே உயரமான நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். சில நாட்களில் சுரங்கத்துக்குள் நுழையும்போது சன்னலில் மூடுபனியும் தூறலும் இருக்கும். மறுபக்கம் வெளியே வந்தால் ஊவாப் பள்ளத்தாக்கில் வெயில் விழுந்து கிடக்கும். இரண்டு பருவக்காற்றும் எல்லை பிரித்துக்கொள்ளும் மலைமுகடு உங்கள் தலைக்கு மேல் கடந்து போயிருக்கிறது. அந்த நேரத்தில் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பு திறந்து வேகமாகத் தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைத்தாலும் அது ஒன்றையே நம்பி முழுத் திட்டத்தையும் கட்டாதீர்கள். டித்வா புயலில் இந்தப் பாதை பல இடங்களில் சேதப்பட்டது, மழைக்காலத்தில் மண் சரிவதும் வழக்கம். கிளம்பும் வாரத்தில் வண்டி எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் போவது

திருவனந்தபுரத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கி, அதே வழியில் திரும்புவதுதான் நம் பக்கத்து வழக்கம். தெற்கும் மலையகமும் மட்டும் பார்ப்பவருக்கு அது போதும். யாழ்ப்பாணத்தையும் சேர்த்தால் அங்கிருந்து கொழும்புக்குத் திரும்பவே 400 கிலோமீட்டர், ஒரு முழு நாள். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. திருச்சி அல்லது சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, கொழும்பிலிருந்து திருவனந்தபுரம் திரும்பினால் அந்த ஒரு நாள் மிச்சம். விமான அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் இதை முதலில் உறுதி செய்துவிட்டுத்தான் ஓட்டல் பதிவு.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் பயணம் நான்கு மணி நேரம் போல. ஆனால் நாகர்கோவிலிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர ஓர் இரவு வேண்டும், கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். வடக்கை மட்டும் நிதானமாகப் பார்ப்பவருக்கு நல்ல வழி. மறுநாள் கொழும்பில் விமானம் பிடிக்க வேண்டியவருக்கு அல்ல.

தமிழர் எல்லாம் ஒரே தமிழர் இல்லை

இதில்தான் நம்மவர்கள் மற்ற எந்த நாட்டுப் பயணியையும்விட அதிகம் சறுக்குகிறார்கள். மொழி தெரியும் என்பதால் ஊரும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஹட்டனில் கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் "யாழ்ப்பாணமா அம்மா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பியது. வடக்கின் வரலாறு வேறு, மட்டக்களப்பின் வரலாறு வேறு. கிழக்கில் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் தங்களைத் தனிச் சமூகமாகவே சொல்வார்கள். மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் குடும்பங்கள் வாழும் இடம், கேட்காமல் உள்ளே நுழைந்து படம் எடுக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஆட்டோவில் ஏறியதும் போரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவது இன்னொன்று. போர் முடிந்த 2009 அங்கே பல வீடுகளில் இன்னும் முடிந்த கதை அல்ல. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். மன்னார், பருத்தித்துறை பக்கம் மீனவர்களிடம் "நான் தமிழ்நாடு" என்று சொன்னால் உபசரிப்போடு கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியைப் பற்றியும் பேச்சு வரும். இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த அந்த மீன்பிடி முறையைத் தமிழ்நாட்டு விசைப்படகுகள் அங்கே வந்து செய்கின்றன என்பது அவர்கள் ஆதங்கம். குளச்சல், தூத்தூர்க்காரர்கள் பதில் சொல்ல அவசரப்படாமல் கொஞ்சம் காது கொடுத்தால், நம் கரையில் கேட்காத ஒரு பக்கம் கிடைக்கும்.

கோயில், குளம், இடிபாடு

நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சுசீந்திரம் பழகியவருக்கு இது புதிதல்ல. புத்த விகாரைகளில் விதி வேறு: செருப்பும் தொப்பியும் வெளியே, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தருக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு. அநுராதபுரத்தில் மதிய வெயிலில் கல்தரை கொதிக்கும், காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

"இடிஞ்ச கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று பொலன்னறுவையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 11ஆம் நூற்றாண்டில் சோழர்கள் இலங்கையை ஆண்ட தலைநகரம் அது. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்னும் சிறிய சிவன் கோயில் முழுக் கல்லிலேயே கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அதே சோழர்களில் வீரராசேந்திரனின் கல்வெட்டு நம் குமரி அம்மன் கோயிலில் இருக்கிறது. அதைப் பார்த்தவர் இதையும் பார்க்க வேண்டாமா? சிகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதிதான். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்தால் முழுக் கட்டணம்.

கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகும் நம் மக்கள் மன்னாரை விட்டுவிடுவதும் எனக்குப் புரிவதில்லை. சவேரியார் காலத்தில் கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்கள் 1544இல் யாழ்ப்பாண மன்னனால் கொல்லப்பட்டார்கள். அந்த மாவட்டத்துக் காட்டுக்குள்தான் மடு மாதா திருத்தலம். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வரும், மற்ற நாட்களில் அமைதி.

மிச்சம் சில

சைவம் சாப்பிடுபவர்கள் தேங்காய்ச் சம்பலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். பருப்பிலும் காய்கறியிலும்கூட இருக்கலாம். "மாசி போட்டதா?" என்று கேட்டால் போதும், தமிழ் தெரிந்த கடையில் உடனே புரியும்.

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மதுக்கடை கிடையாது, ஊர்திகளில் கூட்டம். ஏப்ரல் புத்தாண்டில் கொழும்பில் பாதிக் கடை மூடியிருக்கும், நுவரெலியாவில் அறை கிடைக்காது. யால வனவிலங்குப் பூங்காவின் முக்கியப் பகுதியை வழக்கமாகச் செப்டம்பரில் மூடி அக்டோபர் நடுவில் திறக்கிறார்கள்.

யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் செல்லும், கியூஆர் அட்டை உள்ள கடைகளில் மட்டும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இலங்கை ரூபாய் நோட்டு வேண்டும். கொழும்பில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதைவிட பிக்மீ செயலி நல்லது. மின்செருகி பல இடங்களில் சதுர மூன்று முனை, மாற்றுச் செருகி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா விதியும் கட்டணமும் சில ஆண்டுகளாக மாறி மாறி வருகின்றன. பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன வருஷம் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்திலேயே பார்த்து விண்ணப்பியுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் தளம் பல சமயம் இடைத்தரகருடையது, கட்டணத்துக்கு மேல் இன்னொரு கட்டணம் வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.